மலையேறி வந்த புத்தகங்கள்

சிறுவயதில் விரும்பிப் படித்த புத்தகம் பிற்காலத்து வாசிப்பை எப்படி வளைக்கிறது? புத்தகக் கடையே இல்லாத தாண்டிக்குடி மலையிலும், மூன்று பெரிய எழுத்தாளர்களைத் தந்த அதன் அடிவாரத்திலும் இதற்கான விடையைத் தேடலாம்.

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் தாண்டிக்குடி வண்டிக்குக் காத்திருப்பவர்களைக் கேட்டால், சௌசௌ என்ன விலை, காப்பிக்கு இந்த வருஷம் என்ன ரேட்டு என்று சட்டென்று சொல்வார்கள். தமிழ் உரைநடையின் போக்கை மாற்றிய மூன்று பேர் இந்த ஊர்க்காரர்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. 1872-ல் பிறந்த பி.ஆர். ராஜமய்யர், தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்றான 'கமலாம்பாள் சரித்திர'த்தை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக எழுதினார். இருபத்தாறு வயதில் மறைந்தும் போனார். 1905-ல் பிறந்த பி.எஸ். ராமையா 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கென்றே நடத்திக் காட்டினார். 1912-ல் பிறந்த சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் களம் அமைத்துக் கொடுத்தார்.

மூவரும் அரைக்கால் சட்டைப் பிராயத்தில் இருந்தபோது, குழந்தைகளுக்கென்று தனிப் பத்திரிகையோ தனி அலமாரியோ தமிழ் வீடுகளில் பரவலாக இல்லை. கிடைத்தவை திண்ணைப் பள்ளியில் ஒப்பித்த செய்யுள், கோயில் மண்டபத்துக் கதாகாலட்சேபம், ஊர்ப் பெரியவர்களின் வம்பு. 'கமலாம்பாள் சரித்திர'த்தில் வரும் தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கேலியும் பாசமும் அந்த அளவில் கலந்து வர வேண்டுமென்றால், எழுதியவன் சின்ன வயதில் அப்படி ஒரு வாத்தியாரிடம் பிரம்படி வாங்கியிருக்க வேண்டும், அவர் பாட்டுச் சொல்லும்போது வாய் பிளந்து கேட்டுமிருக்க வேண்டும். செல்லப்பாவின் 'வாடிவாசல்' இந்த வட்டாரத்து ஜல்லிக்கட்டைக் கண்ணால் பார்த்து வளர்ந்த ஒருவரின் எழுத்து. காளையின் திமில் எந்தப் பக்கம் சாயும் என்பது புத்தகத்திலிருந்து வந்த அறிவாகத் தெரியவில்லை.

இங்கிருந்துதான் நம் கேள்வி கிளம்புகிறது. சிறுவயதில் கிடைத்ததுதான் கடைசிவரை ருசியைத் தீர்மானிக்கிறது என்கிறோமே, எதைத் தீர்மானிக்கிறது? பேய்க்கதை படித்த பிள்ளை பேய்க்கதையிலேயே நின்றுவிடுகிறதா? விடை தேட, அடிவாரத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறுவோம்.

காலை வண்டியில் வரும் கட்டு

அய்யம்பாளையம், சித்தரேவு தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள். தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வரும். பிறகு மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள், இடையிடையே மலைவாழை. நாலாயிரம் அடிக்கு மேலே தாண்டிக்குடி. பாலமுருகன் கோயிலும் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற ஊர். கொடைக்கானல் வட்டம்தான் என்றாலும், ஏரியும் படகும் தேடி வருகிற கூட்டம் இங்கே அதிகம் வருவதில்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கே வளர்ந்த எங்களுக்குப் புத்தகம் என்பது பஸ்ஸில் வருகிற சரக்கு. காலை வண்டியின் கூரையிலிருந்து தினசரிக் கட்டு விழும். அதோடு எப்போதாவது ஒரு மாத இதழ் சேர்ந்து வரும். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அதுவும் கிடையாது. எஸ்டேட் ரைட்டர் வீட்டுக்கோ பள்ளி ஆசிரியர் வீட்டுக்கோ வந்த ஒரு பிரதி, பத்துப் பதினைந்து வீடு சுற்றி, அட்டை இழந்து, கடைசியில் முறுக்குப் பொட்டலமாகும். பொட்டலத்தைப் பிரித்து அதையும் படிப்போம். தேர்ந்தெடுத்துப் படிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வந்ததைப் படித்தோம். திரும்பத் திரும்பப் படித்தோம்.

அச்சு வருவதற்கு முன்பே கதை இருந்தது. பழனிக்கும் இந்த மலைக்கும் நடுவே முருகன் ஒரே தாவாகத் தாண்டிய கதையை, அந்த மலையிலேயே நின்றுகொண்டு கேட்கிற பாக்கியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. காட்டோரம் கற்திட்டைகள் கிடக்கும். பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒன்றை மூடி வைத்த பழங்காலத்து ஈமச் சின்னங்கள். ஆங்லேட், நியூட்டன் என்ற பாதிரியார்கள் பழனி மலையின் இந்தக் கற்திட்டைகளைப் பற்றி எழுதியதை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. தாண்டிக்குடியிலேயே பிற்காலத்தில் அகழாய்வும் நடந்தது. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. குள்ள மனுஷங்க கட்டின வீடு என்று பாட்டி சொன்னாள், நம்பினோம். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து ராஜா கதை படித்தவனுக்கு, சரித்திர நாவல் என்றால் பின்னாளில் உடம்பு சிலிர்த்ததில் ஆச்சரியம் இல்லை.

வேதாளம் கேட்ட கேள்வி

நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய 'அம்புலிமாமா'வை அறியாத பழைய வாசகர் தமிழ்நாட்டில் குறைவு. அதில் நிலைத்து நின்ற பக்கம் விக்கிரமாதித்தன் கதை. 2020-ல் மறைந்த ஓவியர் சங்கர் போட்ட அந்தப் படம் கண்ணை மூடினாலும் தெரியும். நெடிய உருவத்து ராஜா, கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், பின்னால் கிளை விரித்த மரம், கீழே மண்டை ஓடுகள்.

அந்தக் கதையின் கட்டுமானத்தை இன்றைக்கு நின்று பார்க்கலாம். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் வழித்துணையாக ஒரு கதை சொல்கிறது. கதை முடிகிற இடத்தில் நீதி சொல்லாமல் ஒரு கேள்வி கேட்கிறது. மூன்று பேரில் யார் செய்தது சரி, யாருடைய தியாகம் பெரிது? விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் ராஜாவின் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து, வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். பேசினாலும் வம்பு, பேசாவிட்டாலும் வம்பு.

பாடப் புத்தகத்துக் கதைகள் எல்லாம் 'ஆகவே குழந்தைகளே' என்று முடிந்த காலத்தில், இந்த ஒரு பக்கம் மட்டும் எங்களை நீதிபதி ஆக்கியது. ராஜா சொல்லும் விடையைக் கையால் மறைத்து வைத்துக்கொண்டு, திண்ணையில் சண்டை போடுவோம். ராஜா சொன்ன தீர்ப்பு தப்பு என்று வாதாடிய பிள்ளைகளும் உண்டு. பிற்காலத்தில் அவர்களே ஜெயகாந்தனைக் கையில் எடுத்தபோது தடுமாறவில்லை. முடிவில் வாசகனைச் சங்கடத்தில் விட்டுப் போகிற கதைக்கு அவர்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள்.

அந்தக் கதைமுறை மனத்தில் தங்கிவிடும் என்பது வெறும் ஊகம் இல்லை, அதற்கு ஒரு சான்று உண்டு. இரா. நடராசன் அறிவியலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வந்தபோது இந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார். அவருடைய 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் தொகுத்த கதைக்கடலிலும் இருக்கிற ஒரு கதைமுறை, அம்புலிமாமா வழியாகத் தமிழ் வீட்டுக்குள் வந்து, அறிவியல் பாடம் சொல்லும் கருவியாக மாறியிருக்கிறது.

சிவகாசியின் இரும்புக்கை

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கிளம்பியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் படக்கதையான இதன் நாயகன், ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு இரும்புக் கை மட்டும் மிதந்துபோகும் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, வீட்டு ஸ்விட்ச் போர்டுக்குள் விரல் விடப் போய் முதுகில் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன.

பெரியவர்களுக்குக் காமிக்ஸ் என்றாலே கசப்பு. 'படம் பார்த்துக் கெட்டுப் போறான்' என்பது அன்றைய பொதுத் தீர்ப்பு. ஆனால் காமிக்ஸ் படிப்பதற்கு ஒரு தனிச் சாமர்த்தியம் வேண்டும். ஒரு கட்டத்தில் கதவு திறக்கிறது, அடுத்த கட்டத்தில் ஆள் தரையில் கிடக்கிறான். நடுவில் நடந்ததை ஓவியர் வரையவில்லை, வாசகன் தானே போட்டுக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டதைச் சேர்த்துப் படிக்கிற அந்தப் பயிற்சிதான் பிறகு அசோகமித்திரனைப் படிக்கக் கைகொடுத்தது என்று சொன்னால் காமிக்ஸ்காரர்களும் சிரிப்பார்கள், இலக்கியவாதிகளும் சிரிப்பார்கள். இருந்தாலும் எனக்கு அப்படித்தான் நடந்தது.

அதே காமிக்ஸிலிருந்து நேராகப் பாக்கெட் நாவலுக்குப் போய், ராஜேஷ்குமாரில் குடியேறி, அங்கேயே திருப்தியாக இருக்கும் வாசகர்களும் எங்கள் மலையில் நிறைய. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. எஸ்டேட் வேலை முடித்து வந்து, குளிரில் போர்வைக்குள் ஒரே மூச்சில் படித்து முடிக்க அதைவிட வசதியான சரக்கு கிடையாது. ஒரு சின்ன வருத்தம் மட்டும் உண்டு. அந்த நாவல்களில் எங்கள் மலை வந்தாலே ஒன்று தேனிலவு, இல்லாவிட்டால் கெஸ்ட் ஹவுஸில் கொலை. காப்பிப் பழம் பறிக்கிற ஒரு பெண் கதாநாயகியாக வந்து நாங்கள் படித்ததில்லை.

பைண்டு வால்யூமின் மறுபக்கம்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது. வந்த தாள்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டிப் பைண்டு பண்ணி வைக்கும் பழக்கம் தமிழ்நாடு முழுக்க இருந்தது. மலையில் வசதியான சில வீடுகளில் அந்த வால்யூம்கள் இரும்புப் பெட்டியில் பூச்சி உருண்டையோடு இருக்கும். கோடை விடுமுறையில் மட்டும் வெளியே வரும்.

இந்த பைண்டு வால்யூமுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொடரின் கடைசித் தாளுக்குப் பின்னால் வேறு ஏதாவது அச்சாகியிருக்கும். ஒரு சிறுகதையின் பிற்பாதி, துணுக்கு, வைத்தியக் குறிப்பு, தலைவலித் தைல விளம்பரம். வந்தியத்தேவன் குதிரையை விட்டு இறங்கும்போதே ஏதோ ஒரு மாமியார், காரணம் தெரியாமல் அழ ஆரம்பிப்பாள். முற்பாதி வேறு தாளில் போய்விட்டது, இனி எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. அவள் ஏன் அழுகிறாள் என்று நாங்களே கதை கட்டுவோம். முழுக்கதை தந்த இன்பத்துக்குக் கொஞ்சமும் குறையாத இன்பம் அந்த அரைக்கதைகளில் இருந்தது.

'தொடரும்' என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு நீளமான நாவல் பயமில்லை. காத்திருக்கத் தெரியும். நூறு பக்கம் ஒன்றும் நடக்காவிட்டாலும் நூற்றியோராவது பக்கத்தில் நடக்கும் என்ற நம்பிக்கை இருக்கும். தடித்த நாவலைப் பார்த்து இன்றைய இளைஞர் மிரள்வதற்குச் சோம்பலைக் காரணம் சொல்கிறோம். காத்திருந்து படிக்கும் பழக்கத்தை அவர்களுக்கு யாரும் தரவில்லை என்பதும் சேர்ந்த காரணம்.

பனி தெரிந்த வாசகர்கள்

நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) கடை விரித்த இடங்களில் சோவியத் புத்தகங்கள் கிடைத்தன. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்களின் மொழிபெயர்ப்பு. கனத்த தாள், வண்ணப் படம், விலையோ தேநீர்க் காசு. மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போன யாராவது ஒன்றிரண்டு வாங்கி வந்தால் மலைக்கு மேல் ஏறும்.

சமவெளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதைகளில் வரும் குளிர் ஒரு அதிசயம். எங்களுக்கு அது அன்றாடம். மார்கழியில் வாயைத் திறந்தால் புகை வரும். கம்பளிக்குள் கைவிட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அடுப்பை ஒட்டியே வாழும் ரஷ்யக் கிழவியின் கதையைப் படிக்கிறபோது, அவள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள் என்று தோன்றும். பெயர்கள்தான் வாயில் நுழையாது. பழகிப் போனபோது தஸ்தயேவ்ஸ்கியின் நீளமான பெயர்களும் நுழைந்தன. சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்ததோடு அந்தப் புத்தகங்களின் வரத்தும் நின்றது. தமிழில் ரஷ்ய இலக்கியத்துக்கு இன்றும் இருக்கும் வாசகர் கூட்டத்தில் பெரும்பகுதி அந்தப் புத்தகங்களின் மிச்சம் என்றே நினைக்கிறேன்.

எது தங்குகிறது?

ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன், சிறுவயதில் படித்த புத்தகங்களுக்கு மட்டும்தான் நம்மை ஆழமாக மாற்றும் வல்லமை உண்டு என்று ஒரு கட்டுரையில் வாதிடுகிறார். பதினான்கு வயதில் அவர் கையில் கிடைத்தது மார்ஜரி போவன் எழுதிய சரித்திர நாவல் ஒன்று. இத்தாலியச் சிற்றரசர்களின் வஞ்சகமும் துரோகமும் நிறைந்தது. கிரீன் பின்னாளில் பெயர் பெற்றது சரித்திர நாவல்களால் அல்ல. ஆனால் உளவாளி ஆனாலும் பாதிரியார் ஆனாலும், அவருடைய மனிதர்கள் எல்லாருமே துரோகத்தின் ஓரத்தில் நிற்பவர்கள். கதையின் களம் மாறிப் போயிற்று, அது கிளப்பிய பயம் தங்கிவிட்டது.

தமிழில் அம்பையை எடுத்துக்கொள்ளலாம். ஆர்வி ஆசிரியராக இருந்த 'கண்ணன்' சிறுவர் பத்திரிகையின் போட்டியில் பரிசு பெற்ற 'நந்திமலைச் சாரலிலே' அவருடைய முதல் நாவல். பதின்வயதில், சிறுவர்களுக்காக எழுதிய சாகசக் கதை அது. பெண்களின் வாழ்வை அவர் பின்னால் எழுதிய விதத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய பெண்கள் ஓயாமல் பயணம் போகிறார்கள், மலை ஏறுகிறார்கள், ரயிலில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறார்கள். சாகசக் கதையில் குகைக்குள் நுழைந்து பார்க்கிற துணிச்சலைச் சமையலறைக்குள்ளும் கொண்டு போனவர் அவர்.

ஆகவே, ஒரு பிள்ளை எதைப் பற்றிப் படித்தது என்பது பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. எப்படிப் படித்தது என்பது நிற்கிறது. கேள்வியோடு படித்ததா, இட்டு நிரப்பிப் படித்ததா, காத்திருந்து படித்ததா, யாரோடு சண்டை போட்டுப் படித்தது என்பவை. 'நல்ல புத்தகமா, கெட்ட புத்தகமா' என்று தரம் பிரிப்பதில் பெற்றோர் செலவழிக்கும் கவலையில் பாதி வீண் என்றே சொல்வேன்.

எண்பது புத்தகம்

தரத்தைவிட எண்ணிக்கைதான் கவலைப்பட வேண்டிய விஷயம். 31 நாடுகளைச் சேர்ந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம், பதினாறு வயதில் உங்கள் வீட்டில் எத்தனை புத்தகம் இருந்தது என்று கேட்ட ஓர் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஏறக்குறைய எண்பது புத்தகம் இருந்த வீட்டுப் பிள்ளைகள், வளர்ந்த பின் படித்துப் புரிந்துகொள்ளும் திறனில் சராசரியை எட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே இருந்தவர்கள் பின்தங்கினார்கள். 350-க்கு மேல் எத்தனை சேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த நாடுகளில் இந்தியா இல்லை. ஆனாலும் கணக்கு யோசிக்க வைக்கிறது. தினக்கூலிக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போகிற வீட்டில், பாடப் புத்தகம் நீங்கலாக எண்பது புத்தகம் எங்கிருந்து வரும்?

வீட்டில் வராது, பொதுவில்தான் வர வேண்டும். அதற்காகத்தான் 1948-ல் இந்த மாநிலம் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது. நாம் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்ததும் இதே மாநிலத்துச் சீர்காழியில்தான். மன்னார்குடிப் பக்கம் 1931-லேயே மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிற்று. மாட்டு வண்டி போன காலத்தில் யோசித்ததை, ஜீப் போகும் காலத்தில் மலைக் கிராமங்களுக்குச் செய்ய முடியாதா?

பள்ளிக்கல்வித் துறை சும்மா இருக்கவில்லை. 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் அரசுப் பள்ளிகளுக்குப் போகின்றன. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைத் தந்திருக்கிறது. திண்டுக்கல்லைச் சேர்ந்த மா. கமலவேலன், 2010-ல் தமிழுக்கான முதல் பால சாகித்திய புரஸ்காரை 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்குப் பெற்றார். எழுத ஆள் இல்லை என்ற சாக்கு இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது. ஆனால் பள்ளிக்கு வரும் புத்தகங்களை ஆசிரியர்கள் பலரும் ஒரே ஒரு பயத்தால் பீரோவிலேயே வைத்துப் பூட்டுகிறார்கள். தொலைந்தால், கிழிந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது?

வீட்டுக்கு வீடு போன் வந்துவிட்டது. பிள்ளைகள் கதை கேட்பதை நிறுத்திவிடவில்லை, யூடியூபில் கேட்கிறார்கள். சுட்டி டிவியில் வளர்ந்த தலைமுறை இன்று தன் பிள்ளைக்கு வீடியோ போட்டுக் கொடுக்கிறது. அதிலும் கதை இருக்கிறது, ஆனால் ராஜாவின் விடையைக் கையால் மறைத்து வைத்துக்கொண்டு சண்டை போட அதில் நேரம் கிடைக்காது. அடுத்த கதை தானாகவே ஓட ஆரம்பித்துவிடும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த மலையில் காப்பிப் பழ சீசன். அம்மாவும் அப்பாவும் விடியலிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை, அவர்கள் திரும்பும்வரை தனியாகத்தான் இருக்கும். அந்த நேரத்துக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஊர் நடுவில், ரேஷன் கடையோ அங்கன்வாடியோ, சாவியை யாரிடமும் கேட்கத் தேவையில்லாத ஓரிடத்தில் ஒரு பெட்டி போதும். அதில் எண்பது புத்தகம். காமிக்ஸ் இருக்கட்டும், பேய்க்கதை இருக்கட்டும், கமலவேலனும் இருக்கட்டும். எடுத்துப் போகிற பிள்ளையே பெயர் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. கிழிந்து திரும்பி வந்தால் அபராதம் கேட்கக் கூடாது. கிழியாமல் திரும்பி வந்தால்தான், படித்தாயா என்று கேட்க வேண்டும்.